650-ஐ விட்டு நகராத முள்: டபிள்யூஎஸ்எம் வானொலியோடு பதினைந்து வருடத்துக்கு மேல்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாஷ்வில்லுக்குக் குடிவந்தது 2009-இல். அந்த வாரமே சமையலறை மேடைக்கு ஒரு சின்ன பேட்டரி ரேடியோ வாங்கினேன். அதன் முள் அன்றிலிருந்து இன்றுவரை 650-லேயே நிற்கிறது. டபிள்யூஎஸ்எம், ஏஎம் அலைவரிசை, அமெரிக்க நாட்டுப்புற மரபில் வந்த கன்ட்ரி இசை. வந்த புதிதில் எனக்கு இந்த இசையில் ஒரு பாட்டுகூடத் தெரியாது. ஃபிடில் (வயலின்தான்), பேஞ்சோ, ஸ்டீல் கிட்டார் என்று ஒவ்வொன்றின் சத்தத்தையும் பிரித்துக் கேட்கப் பழகியது இந்தப் பெட்டியில்தான்.

இந்த நிலையத்தைத் தொடங்கியது ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி. பெயரில் உள்ள மூன்று எழுத்தும் 'லட்சக்கணக்கானோரைக் காக்கிறோம்' என்று பொருள்படும் அவர்களுடைய ஆங்கில வாசகத்தின் முதலெழுத்துகள். ஒலிபரப்பு தொடங்கியது 1925 அக்டோபர் 5. அடுத்த மாதம் 28-ஆம் தேதி, ஜார்ஜ் ஹே என்ற அறிவிப்பாளர் 77 வயது ஃபிடில் கலைஞர் அங்கிள் ஜிம்மி தாம்ப்சனை மைக் முன்னால் உட்கார வைத்தார். அந்தச் சனிக்கிழமை இரவு நிகழ்ச்சிதான் பிறகு கிராண்ட் ஓல் ஓப்ரி ஆனது.

அந்தப் பெயர் வந்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1927 டிசம்பரில் ஓர் இரவு. அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் நியூயார்க்கிலிருந்து மேற்கத்திய செவ்வியல் இசை போனது. அது முடிந்ததும் டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பினக் கலைஞர் மவுத் ஆர்கனில் ரயில் வருவதை அப்படியே வாசித்துக் காட்டினார். இதுவரை கேட்டது கிராண்ட் ஓபரா, இனி கேட்கப்போவது 'கிராண்ட் ஓல் ஓப்ரி' என்று, ஓபராவைக் கிராமத்துக் கொச்சையில் சொல்லி, ஹே அறிவித்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பெய்லியை 1941-இல் வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அவர் ஷூ பாலிஷ் கடை வைத்துப் பிழைத்தார். கன்ட்ரி இசையின் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலில் அவர் பெயர் ஏறியது 2005-இல்தான், அவர் இறந்து 23 வருடம் கழித்து. இதை நினைக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

சரி, கேட்க எப்படி இருக்கிறது? ஊருக்குள் பகலில் தெளிவாக வரும். பாலத்துக்கு அடியில் கார் போனால் சத்தம் அமுங்கும், மின்னல் வெட்டினால் படபடக்கும். நான் ரசிப்பது இரவைத்தான். 1932-இல் 50,000 வாட்ஸ் சக்தியோடு நாஷ்வில்லை அடுத்த பிரென்ட்வுட்டில் எழுப்பிய கோபுரம் இன்றும் வேலை செய்கிறது. நடுவில் பருத்து, மேலும் கீழும் குறுகி, பம்பரம் மாதிரி இருக்கும். நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும். முதலில் 878 அடி. தூரத்து ஊர்களில் அலைகள் ஒன்றையொன்று அழிப்பது தெரிந்ததும் 1939-இல் 808 அடியாகக் குறைத்தார்கள். ஒருமுறை சிகாகோவுக்குக் காரில் போனோம். கென்டக்கி தாண்டும்போது பகல் வெளிச்சத்தில் சத்தம் தேய்ந்தேபோய்விட்டது. இருட்டியதும் திரும்பி வந்தது. அலை வானத்தில் பட்டுத் திரும்புவதால் கடல் அலைபோல ஏறி இறங்கும். இந்தியானாவின் சோளக்காடுகளுக்கு நடுவே, பின்சீட்டில் பிள்ளைகள் தூங்க, அந்த ஃபிடிலைக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.

2010 மே மாத வெள்ளத்தில் எங்கள் குடியிருப்பில் மின்சாரம் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் இதே ரேடியோவைத்தான் சுற்றி உட்கார்ந்தோம். கம்பர்லாண்ட் ஆறு ஓப்ரி அரங்கத்துக்குள் புகுந்து மேடையையே முழுக வைத்தது. பக்கத்து ஹோட்டலில் இருந்த வானொலி ஸ்டூடியோவையும் காலி செய்ய வேண்டியதாயிற்று. பிரென்ட்வுட் கோபுரத்தடியில் இருக்கும் கட்டடத்திலிருந்து ஒலிபரப்பைத் தொடர்ந்தார்கள். ஓப்ரியும் நிற்கவில்லை, வேறு அரங்கங்களில் நடந்தது. ஓப்ரி முன்பு நடந்துவந்த ரைமன் அரங்கத்தின் பழைய மேடையிலிருந்து அறுத்தெடுத்து இந்த மேடையில் பதித்திருந்த வட்டமான ஓக் பலகையைத் துடைத்துச் செப்பனிட்டு செப்டம்பரில் மறுபடி திறந்தபோது, சொந்த வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் நடந்த மாதிரி இருந்தது எனக்கு.

நான் வருவதற்கு முன்பே, 2002-இல், இதை விளையாட்டுப் பேச்சு நிலையமாக மாற்றும் யோசனை வந்திருக்கிறது. நேயர்களும் பாடகர்களும் தெருவில் இறங்கி எதிர்த்ததால்தான் கைவிட்டார்கள். அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

குறையும் உண்டு. போன வருடம் வாங்கிய மின்சாரக் காரில் ஏஎம் அலைவரிசையே கிடையாது. மோட்டார் இரைச்சல் குறுக்கிடும் என்று விட்டுவிட்டார்களாம். வாங்கும்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது காரில் போன் வழியாகக் கேட்கிறேன். சத்தம் துல்லியம்தான், ஆனால் ரேடியோவைவிட அரை நிமிடத்துக்கு மேல் பின்தங்கி வருகிறது. அந்த ஏற்ற இறக்கமும் இல்லை.

முதல்முறை கேட்பவர்கள் நாஷ்வில் நேரப்படி சனிக்கிழமை இரவு 7 மணி ஓப்ரியில் தொடங்குங்கள். அறிவிப்பாளர் மேடையோரம் நின்று விளம்பரத்தை நேரலையில் வாசிப்பது அதில் இன்னும் உண்டு. ஏஎம் பெட்டி என்றால் ஜன்னலோரம் வைத்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் இரைச்சல் சட்டென்று அடங்கும். என் வீட்டில் அந்தக் கோணத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.