நூலகமான மைதானமும் ஓடுகளமாகவே நின்ற மைதானமும்

சிகாகோ பல்கலைக்கழகத்தின் பழைய ஸ்டாக் ஃபீல்டும் ஆக்ஸ்ஃபோர்டின் இஃப்லி சாலை ஓடுகளமும் உலக வரலாற்றில் இடம்பிடித்தவை. ஆனால் இரண்டின் கதியும் வேறு.

ஸ்டாக் ஃபீல்டு ஒரு காலத்தில் அமெரிக்கக் கால்பந்தின் கோட்டை. 1935-இல், சிறந்த கல்லூரிக் கால்பந்து வீரருக்குத் தரப்படும் ஹைஸ்மன் கோப்பையை முதன்முதலில் வென்ற ஜே பெர்வாங்கர் ஆடிய மைதானம் இது. 1939-இல் பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ் கால்பந்து அணியையே கலைத்துவிட்டார். படிப்புக்கு அது இடைஞ்சல் என்பது அவர் எண்ணம். ஆட்டம் போன பிறகு அரங்கத்துக்கு என்ன வேலை? மேற்குப் பக்க இருக்கைகளுக்கு அடியில் இருந்த உள்ளரங்க ஆடுகளத்தில் இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மியின் குழு கிராஃபைட் கட்டிகளையும் யுரேனியத்தையும் அடுக்கியது. 1942 டிசம்பர் 2 அன்று, மனிதர் உருவாக்கிய, தானே தொடரும் முதல் அணுக்கருத் தொடர்வினை (ஒரு அணுக்கரு பிளந்து அடுத்ததைப் பிளக்கும் சங்கிலி) அங்கே நடந்தது. நகரத்துக்கு நடுவில், கதிர்வீச்சுத் தடுப்புச் சுவர்கூட இல்லாமல்! நினைத்தாலே பதறுகிறது. 1957-இல் அரங்கை இடித்தார்கள். இன்று அங்கே ரீகன்ஸ்டைன் நூலகம் நிற்கிறது, பக்கத்தில் ஹென்றி மூரின் வெண்கலச் சிற்பம்.

இஃப்லி சாலையில் அப்படி எதுவும் இல்லை. 1954 மே 6 அன்று ரோஜர் பானிஸ்டர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடி, நான்கு நிமிடத்துக்குள் அதை முடித்த முதல் மனிதரானது அங்கேதான். அப்போது அது கரித்தூள் தடம், பின்னர் செயற்கைத் தடமானது. பெயரும் பானிஸ்டருடையதாகிவிட்டது.

நூலகம் எனக்கும் பிடிக்கும். ஆனாலும் என் மனம் இஃப்லி பக்கம்தான். சிகாகோவில் சிற்பத்தைப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஆக்ஸ்ஃபோர்டில் மாணவர்கள் இன்றும் ஓடுகிறார்கள்.