கொல்லை மண்ணா, கொண்டுவந்த மண்ணா, மாடிப் பையா? சென்னை வீட்டுத் தோட்டத்துக்கு ஓர் ஒப்பீட்டு அலசல்

மணலியிலோ தண்டையார்பேட்டையிலோ வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பத்து அடி மண்தரை இருக்கிறது. அதில் கீரை விதைத்துச் சாப்பிடலாமா? கேட்டால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுப் புதுச் செம்மண் கொட்டு என்பார் ஒருவர். சூரியகாந்தி வை, விஷத்தையெல்லாம் அது உறிஞ்சிவிடும் என்பார் இன்னொருவர். பேசாமல் மாடிக்குப் போ என்பார் மூன்றாமவர். இவை எல்லாமே ஏதோ ஒரு வகைக் கேட்டுக்கு மட்டும் பொருந்துகிறவை. எனவே முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, உங்கள் மண்ணில் கலந்திருப்பது என்ன என்பதை.

சென்னையில் அது பேட்டைக்குப் பேட்டை மாறும். எண்ணூர், செப்பாக்கம் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல். அதில் ஆர்சனிக்கும் போரானும் இருக்கும். தண்டையார்பேட்டையில் 2013-ல் நிலத்தடிக் குழாய் கசிந்து கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், எண்ணூர்க் கழிமுகக் கரையோர வீடுகளின் சுவரில் கரும்பட்டை தீட்டிவிட்டுப் போனது. கொடுங்கையூர், பெருங்குடிக் குப்பைமேடுகளைச் சுற்றிப் பல உலோகங்கள். திருவான்மியூர், கொட்டிவாக்கத்தில் பெரும்பாலும் வெறும் உப்பு. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், புரசைவாக்கத்துப் பழைய வீடுகளில் யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று உண்டு: ஈயம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (கிலோவுக்கு 90 மில்லிகிராமுக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றது 2000-ல். அதற்கு முன் உதிர்ந்த பெயின்ட்டும் படிந்த புகையும் மண்ணின் மேல் ஐந்தாறு அங்குலத்துக்குள் அப்படியே கிடக்கின்றன. ஈயம் மக்காது, ஆவியாகாது, மழையில் சுலபத்தில் கீழே இறங்கவும் இறங்காது.

சோதனை: எது எதைச் சொல்லும்

வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையம் கார அமிலத் தன்மை, உப்பு, தழை மணி சாம்பல் சத்துகள், நுண்ணூட்டம் ஆகியவற்றைச் சொல்லும். ஈயத்தைச் சொல்லாது. அதற்கு என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்தில் 'ஹெவி மெட்டல்' என்று கேட்டு ஈயம், காட்மியம், ஆர்சனிக், குரோமியம் நான்கையும் பார்க்கச் சொல்ல வேண்டும். கொல்லையில் எட்டுப் பத்து இடத்தில் ஆறு அங்குல ஆழத்துக்கு ஆங்கில 'வி' வடிவில் வெட்டி, பக்கச் சுவரிலிருந்து மண்ணைச் சீவி எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். பெயின்ட் அடித்த சுவரை ஒட்டிய மூன்றடியைத் தனி மாதிரியாக எடுங்கள். அங்கேதான் ஈயம் குவிந்திருக்கும். மற்ற மண்ணோடு கலந்தால் சராசரிக்குள் ஒளிந்துகொள்ளும்.

வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சந்தேக மண்ணில் இருபது பாசிப்பயறு, நல்ல மண்ணில் இருபது. ஒரு வாரத்தில் முளைப்பில் பெரிய வித்தியாசம் இருந்தால் உப்போ எண்ணெயோ காரணம். ஆனால் பயறு நன்றாக முளைத்துவிட்டதாலேயே மண் நல்ல மண் ஆகிவிடாது. ஈயம் 400 பிபிஎம் இருந்தாலும் பயறு கொழுகொழுவென்று வரும்.

குடியிருப்பு மண்ணில் ஈயத்துக்கான எச்சரிக்கை அளவை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2024 ஜனவரியில் 400-லிருந்து 200 பிபிஎம் ஆகக் குறைத்தது. சின்னக் குழந்தைகள் மண்ணில் விளையாடும் வீட்டுக்கு இந்த 200-ஐயே கோடாக வைத்துக்கொள்வது நல்லது.

சூரியகாந்தி வைத்து உறிஞ்சுவது

இதை முதலிலேயே கழித்துவிடலாம். கணக்குப் போட்டால் போதும். ஒரு சதுர மீட்டரில் 15 சென்டிமீட்டர் ஆழ மண் ஏறக்குறைய 200 கிலோ. ஈயத்தை 400-லிருந்து 200-க்கு இறக்க, அதிலிருந்து 40 கிராம் ஈயம் வெளியேற வேண்டும். அந்த இடத்தில் ஒன்றரைக் கிலோ உலர் செடி விளைந்து, அதில் 100 பிபிஎம் ஈயம் ஏறியது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் ஒரு போகத்துக்கு வெளியேறுவது 0.15 கிராம். வருடத்துக்கு மூன்று போகம் வைத்தாலும் தொண்ணூறு வருடம் ஆகும். வேகப்படுத்த இடிடிஏ என்ற, உலோகத்தைப் பற்றிக் கரைக்கும் ரசாயனத்தை ஊற்றச் சொல்கிறவர்கள் உண்டு. அது ஈயத்தைக் கரைத்துக் கிணற்றுக்கு அனுப்பிவைக்கும். அறுத்த செடியை மாட்டுக்கும் போட முடியாது, உரக்குழியிலும் போட முடியாது.

மண்ணை மாற்றுவது

கேட்க எளிது. பத்துக்குப் பத்து அடியில் ஒன்றரை அடி வெட்டினால் 150 கன அடி, அதாவது ஒன்றரை யூனிட். ஆறு டன்னுக்கு மேல் வெளியே போக வேண்டும், அதே அளவு உள்ளே வர வேண்டும். தண்டையார்பேட்டைச் சந்துக்குள் லாரி வராது, தலைச்சுமை. வெட்டும்போது கிளம்பும் தூசுதான் ஈயம் உடலுக்குள் போகும் மோசமான வழி. வெளியே போன மண் எங்கே போகும் என்று கேட்டால் தெருமுனையைக் காட்டுவார்கள். அஸ்திவாரத்தை ஒட்டி வெட்டினால் சுவருக்கும் ஆகாது.

அதைவிட, வருகிற மண்ணும் சந்தேகத்துக்குரியது. செங்குன்றத்தின் பெயரிலேயே செம்மண் இருக்கிறது என்பதற்காக, செம்மண் என்று சொல்லி இறக்குவதெல்லாம் செம்மண் ஆகிவிடாது. பாதிக்குப் பாதி, ஏதோ ஒரு அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் தோண்டிய மண்ணாக இருக்கும். லோடு இறங்குமுன் ஒரு கைப்பிடி எடுத்து வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் உள்ளே சுண்ணாம்போ சிமென்ட் இடிமானமோ இருக்கிறது. கண்ணாடிச் சில்லு, டைல்ஸ் துண்டு தென்பட்டால் திருப்பி அனுப்புங்கள். ஏரி வண்டல் என்றால் எந்த ஏரி என்று கேளுங்கள். தொழிற்பேட்டைக் கழிவும் சாக்கடையும் கலந்த கொரட்டூர் ஏரி வண்டலுக்கு, உங்கள் கொல்லை மண்ணே மேல்.

எண்ணெய் ஊறிய மேல்மண் இரண்டு மூன்று அங்குலம்தான் என்றால் மட்டும் இந்த வழி சரி. தார்போல் ஒட்டிய பொருக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடிமண்ணை அங்கேயே விட்டுத் திருத்தலாம்.

இருக்கும் மண்ணைத் திருத்துவது

எண்ணெய்க்கும் உப்புக்கும் இது நன்றாக வேலை செய்யும். உலோகத்துக்கு அரைகுறைதான்.

டீசல் வகை எண்ணெயை மண்ணின் நுண்ணுயிர்களே தின்னும். அவற்றுக்குக் காற்றும் ஈரமும் தழைச்சத்தும் வேண்டும். எண்ணெயிலுள்ள கார்பன் 100 பங்குக்குத் தழைச்சத்து 10, மணிச்சத்து 1 என்பது பொதுக் கணக்கு. மக்கிய சாணி இரண்டு அங்குலம் பரப்பி, சதுர மீட்டருக்கு ஒரு கைப்பிடி யூரியா தூவிக் கொத்தி, பதினைந்து நாளுக்கொரு முறை கிளறி, பிழிந்த துணி அளவுக்கு ஈரம் காத்தால் ஐந்தாறு மாதத்தில் வாடை போகும். ஒரு பிடி மண்ணை வாளித் தண்ணீரில் போட்டால் மேலே வானவில் படலம் வரக்கூடாது. பலர் தவறுவது, தண்ணீர் தேங்க விடுவதில். காற்று இல்லாவிட்டால் எண்ணெய் அப்படியே இருக்கும். அதனால் ஐப்பசி கார்த்திகையில் இதைத் தொடங்க வேண்டாம். தை பிறந்ததும் தொடங்குங்கள்.

உப்புக்கு அதே அடைமழைதான் மருந்து. வடிகால் இருந்தால் ஓர் அடி மண்ணினூடே ஓர் அடித் தண்ணீர் இறங்கும்போது உப்பில் ஐந்தில் நான்கு பங்கு கழுவப்படும். வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் ஊரில் இது இலவசம். பாத்தி கட்டி மழையைத் தேக்கி இறக்க வேண்டும், அவ்வளவே. மண் காய்ந்தால் கல்லாக இறுகி, நனைந்தால் சேறாகக் குழைந்தால் சோடியம் ஏறியிருக்கிறது. மழைக்கு முன் ஜிப்சம் போட்டுக் கொத்துங்கள்.

ஈயம் 200-ஐ ஒட்டி இருந்தால் மூன்று அங்குல மக்கு உரத்தை ஆறு அங்குல மண்ணோடு கலப்பது அதை நீர்க்கச் செய்யும். ராக் பாஸ்பேட்டோ எலும்புத்தூளோ சேர்த்தால் பாஸ்பேட் ஈயத்தைப் பிடித்துக் கரையாத உப்பாக்கிவிடும். சாம்பல் படிந்த எண்ணூர் மண்ணில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். மண் துகளில் ஆர்சனிக் ஒட்டியிருக்கும் இடத்தைப் பாஸ்பேட் பறித்துக்கொள்ள, ஆர்சனிக் விடுபட்டுச் செடிக்குள் போகும். சுண்ணாம்பு போடச் சொல்லும் குறிப்புகள் புளிப்பு மண்ணுக்கானவை. சென்னைக் கடலோர மண் பல இடங்களில் ஏற்கெனவே காரம். மேலும் சுண்ணாம்பு போட்டால் இரும்புச்சத்து கிடைக்காமல் இளந்தளிர் வெளுக்கும்.

உயர்பாத்தி

ஈயம் 200-க்கு மேல் என்றால் எங்கள் முதல் தேர்வு இதுதான். கெட்ட மண்ணைத் தொடாமல் மூடிவிட்டு அதன்மேல் விவசாயம்.

நாலுக்கு எட்டு அடி, ஒன்றரை அடி உயரம். இரண்டு பக்கமும் கை எட்டினால்தான் நாலடி அகலம். சுவரோரம் என்றால் இரண்டடியே. பழைய பெயின்ட் சுவரிலிருந்து குறைந்தது ஐந்தடி தள்ளி வையுங்கள். அடியில் விரிக்க வேண்டியது ஜியோ டெக்ஸ்டைல் துணி, அதாவது நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி. தார்ப்பாய் விரித்தால் நீர் வடியாமல் வேர் அழுகும். எதுவும் விரிக்காவிட்டால் இரண்டாம் வருடம் மண்வெட்டி கீழ்மண்ணை மேலே கொண்டுவந்துவிடும். சுற்றுச்சுவருக்கு ஹாலோ பிளாக் போதும். பழைய கதவு நிலையில் ஈயப் பெயின்ட், ரயில்வே ஸ்லீப்பர் கட்டையில் கிரியோசோட் என்ற நச்சுத் தார் எண்ணெய், உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் நார்த்தூசு. இந்த மூன்றும் சென்னைக் கொல்லைகளில் சும்மா கிடப்பதால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொள்ளளவு 48 கன அடி. பாதி செம்மண், கால் மக்கு உரம், கால் தென்னைநார்க் கழிவு. 24 கன அடிச் செம்மண் ஒரு குட்டியானை வண்டிக்குச் சற்றே அதிகம், இரண்டு நடை வைத்துக்கொள்ளுங்கள். உரம் ஏறக்குறைய 200 கிலோ. நார்க்கழிவுக்கு ஐந்து கிலோக் கட்டிகள் ஐந்து. ஒவ்வொன்றும் ஊறினால் எழுபது லிட்டர் வரும். வேப்பம்புண்ணாக்கு இரண்டு கிலோ. முதல் மழையில் மூன்று நான்கு அங்குலம் இறங்கும். அதற்கான உரத்தை முன்பே மூட்டையாக வைத்திருங்கள்.

நகர்க் குப்பையிலிருந்து வரும் உரத்துக்கு அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணை வரம்பு வைத்திருக்கிறது: கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் 4-க்குள். மூட்டையில் ஆய்வறிக்கை இல்லையென்றால் சலித்துப் பாருங்கள். பேட்டரி, பல்பு, பிளாஸ்டிக் துணுக்கு தெரிந்தால் அது பிரிக்காத குப்பை, கீரைக்கு வேண்டாம்.

பாத்தியைச் சுற்றியுள்ள நடைபாதையை மறந்துவிடுவார்கள். வெறும் மண்ணாக விட்டால் மழைத்துளி தெறித்து அதே ஈயம் கீரை இலையில் வந்து உட்காரும். ஜல்லியோ மட்டையோ நான்கு அங்குலம் பரப்புங்கள்.

மொட்டை மாடி

வெள்ளமும் எண்ணெயும் எட்டாத ஒரே இடம். 2023 போல இன்னொரு வெள்ளம் வந்தால் ஒன்றரை அடி உயர்பாத்தி மூழ்கும், மாடி மூழ்காது. கழிமுகக் கரை வீடுகளுக்கு இதுவே சரி.

ஆனால் எடை. ஆள் நடமாடும் மாடிக்கு இந்தியத் தரநிலை வைக்கும் கூடுதல் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. ஓரடி உயரத்துக்கு ஈரச் செம்மண் பரப்பினால் 500 கிலோவைத் தாண்டும். நார்க்கழிவுக் கலவையே 200 கிலோவுக்கு வரும். எனவே பரப்பக்கூடாது, பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அங்குலப் பைகளாக, உத்தரம் ஓடும் கோட்டின்மேலும் சுவரோரமும் இடைவெளி விட்டு வைக்க வேண்டும். இப்படி ஒரு பை 21 லிட்டர். நனைந்த நார்க்கலவை பதினைந்து கிலோ, அதுவே செம்மண் என்றால் நாற்பதுக்குப் பக்கம். மரச்சட்டத்தின்மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் மாடிகளில் எதையும் ஏற்றாதீர்கள்.

கடையில் வாங்கும் நார்க்கட்டியில் உப்பு இருக்கும். ஊறவைத்துப் பிழிந்து மூன்று முறை தண்ணீர் மாற்றுங்கள். கடைசித் தண்ணீரில், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் காட்டுவது, ஊற்றிய தண்ணீரைவிட இருநூறுக்கு மேல் கூடக்கூடாது. இத்தனையும் செய்துவிட்டு ஆர்ஓ இயந்திரம் கழிக்கும் தண்ணீரைப் பைக்கு ஊற்றுகிறார்கள். உப்பெல்லாம் சேர்ந்து வெளியேறும் தண்ணீர் அது. நார்க்கழிவு அதைப் பிடித்து வைத்துக்கொள்ள, இரண்டு மாதத்தில் இலை நுனி கருகும். அவரைதான் முதலில் சோரும். சித்திரை வெயிலில் ஐம்பது சதவீத நிழல்வலையும் பைக்கு நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் வேண்டும். கோடையில் மெட்ரோ வாட்டர் லாரியை நம்பியிருக்கும் வீட்டுக்கு ஐம்பது பை என்பது விளையாட்டல்ல. மாடித் தண்ணீர் மழைநீர்க் குழாய் வழியே சம்ப்புக்குப் போகிறதென்றால், பை வைக்கும் பகுதியின் வடிகாலைப் பிரித்துவிடுங்கள். சாணிச் சாறு குடிநீரில் கலக்கும்.

எதில் எதை நடுவது

ஈயம் வேரிலும், தூசாக இலையிலும் நிற்கும், காய்க்குள் குறைவு. காட்மியம் கீரைக்குள் தாராளமாக ஏறும். ஆகவே கீரை, முள்ளங்கி, கொத்தமல்லி மாடியிலும் உயர்பாத்தியிலும் மட்டும். கத்தரி, வெண்டை, தக்காளி திருத்திய மண்ணில், ஈயம் 200-க்குக் கீழே இருந்தால். முருங்கையும் வாழையும் அதே விதிக்குள் வரும், ஆனால் முருங்கைக் கீரை வேண்டாம், காய் போதும்.

மீதிக் கெட்ட மண்ணைக் காலியாக விடக்கூடாது. தூசு வீட்டுக்குள் வரும். நந்தியாவட்டை, செம்பருத்தி, அரளி நெருக்கமாக நட்டு இடையில் அருகம்புல் படரவிடுங்கள். பூ சாமிக்கு; உதிர்ந்த இலையைக் கூட்டி எடுத்து உயர்பாத்திக்குள் மட்டும் போட வேண்டாம்.