காலுக்கு அளவெடுத்துச் செய்த இறுக்கக் காலுறை: சிங்கப்பூர் நோவீனா பக்கம் ஒரு கடை

எனக்கு லிப்பிடீமா, அதாவது கால்களில் கொழுப்பு அளவுக்கு மீறிச் சேரும் நோய். அதற்காக அடுத்த மாதம் இரண்டு காலிலும் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவையான லைபோசக்‌ஷன். இப்போதிருந்தே இறுக்கக் காலுறை போட்டுப் பழகச் சொன்னார் டாக்டர், அதனால் இந்தக் கடைக்குப் போனேன். காலை 9 மணிக்கே வரச் சொன்னார்கள், சாயங்காலம் ஆனால் கால் வீங்கி அளவு மாறிவிடுமாம். அளவெடுத்த அக்கா கணுக்காலிலிருந்து தொடை வரை பேனாவால் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் டேப்பைச் சுற்றினார். லேசாக இடித்தாலே கன்றிப்போகும் கால் இது, அது தெரிந்து அழுத்தாமல் எடுத்தார், எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏனென்றால் இத்தனை வருடமாக எல்லாரும் ‘சோற்றைக் குறை, நட’ என்றார்களே தவிர, பாதம் மெலிந்திருக்க கால் மட்டும் தூண் மாதிரி இருப்பதை யாரும் கவனிக்கவில்லை.

துணி தட்டைப் பின்னல், பின்னால் தையல் ஓடும், கொஞ்சம் முரடு. ஆனால் முன்பு வாங்கிய மெல்லிய காலுறை போல முட்டி மடிப்பில் சுருண்டு வெட்டவில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் மத்தியானம் அரிக்கத்தான் செய்கிறது. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு ஏற்றினால் சுலபம்.

2 வாரம் என்றார்கள், கைக்கு வர 3 வாரம் ஆனது. அப்புறம், அறுவைக்குப் பின் அளவு மாறும், இரண்டாவது ஜோடி இப்போது வேண்டாம் என்று அவர்களே தடுத்தார்கள், அது ரொம்பப் பிடித்தது.