ஆயிரம் ஸ்தோத்திரப் புத்தகம்: வாங்கலாம், ஆனால் எண்ணி முடிக்க வேண்டாம்

மலையகத்து ஹட்டன் டவுனில் வேதாகமமும் பாட்டுப் புத்தகமும் விற்கிற கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருப்பார்களே, உள்ளங்கை அளவில், அந்த ஆயிரம் ஸ்தோத்திரப் புத்தகத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பல பேர் பல விதமாக அச்சடிக்கிறார்கள், உள்ளே சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். வேதத்தில் வருகிற தேவனுடைய பெயர்கள், செய்த காரியங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொரு வரியாக்கி, வரிக்கு வரி ஸ்தோத்திரம் என்று முடித்து, நூறு நூறாகப் பிரித்திருப்பார்கள். நல்ல பதிப்பென்றால் வரிக்குப் பக்கத்தில் வசன எண்ணும் இருக்கும். யேகோவாயீரே என்று வாயால் சொல்லிவிட்டு ஆதியாகமம் 22ஐத் திறந்து பார்க்க முடிகிற மாதிரி இருப்பதைத் தேடி எடுங்கள்.

இதில் எனக்குப் பிடித்ததே, ஒரு விண்ணப்பம்கூட இல்லாததுதான். நம் வீட்டு ஜெபத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: மகனுக்குக் கொழும்பில் வேலை, அடகு வைத்த நகை, அம்மாவுக்குச் சீனி வருத்தம், மகளுக்கு ஓ.எல். சோதனை, எல்லாம் கேட்டு முடிகிறபோது தூக்கம் வந்துவிடும், நன்றிக்குக் கடைசியில் ஒரு வரி. என்ன சொல்லித் துதிக்கிறதென்றே தெரியவில்லை என்கிறவர்களுக்கு இந்தப் புத்தகம் வாயில் வார்த்தையை எடுத்துக் கொடுக்கிறது. எபிரெயர் 13:15 சொல்கிற ஸ்தோத்திரபலி இப்படித்தான் பழக்கத்துக்கு வரும்.

ஆனால் ஆயிரத்தையும் ஒரே மூச்சில் முடிக்கிற பழக்கம் இருக்கிறதே, அதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. வரிக்கு இரண்டு வினாடி என்று வைத்தாலும் அரை மணிக்கு மேல் போகும், பாதியில் வாய் ஓடும், மனம் அடுப்பில் வைத்த சோற்றுப் பானையில் இருக்கும். திரும்பத் திரும்பச் சொல்வது தப்பென்று சொல்ல வரவில்லை. சங்கீதம் 136இல் 26 வசனத்திலும் ஒரே பல்லவிதான், ஆனால் சூரியன், சந்திரன், செங்கடல், கடைசியில் மாம்சமான யாவுக்கும் ஆகாரம் என்று ஒவ்வொரு வசனத்திலும் ஒரு காரியம் இருக்கிறது. காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்குப் போகிற வழியில் பத்து வரி, தண்ணி விழுகிற பீலியடியில் வாளி நிரம்புகிற வரைக்கும் பத்து வரி, படுக்கப் போகும்போது பத்து. அது போதும். சங்கீதக்காரனே ஒரு நாளில் ஏழு தரம் என்றுதான் சொல்கிறான், 119:164.

அடுத்த குறை, நம்ம ஊர் இதில் இல்லை. சங்கீதம் 148இல் மூடுபனியும் மலைகளும்கூடக் கர்த்தரைத் துதிக்கின்றன, என் கையிலிருக்கிற பதிப்பில் பனியுமில்லை மலையுமில்லை. கடைசி அட்டையின் உட்பக்கம் வெறுமையாக இருந்ததால் அங்கே நானே எழுத ஆரம்பித்தேன். பீலியில் தண்ணி நிற்காததற்கு ஸ்தோத்திரம். தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது எடையில் கிலோ வெட்டாத நாளுக்கு ஸ்தோத்திரம் (இது அடிக்கடி எழுத வாய்க்கவில்லை). சின்னவன் காய்ச்சல் விட்டு ரொட்டி கேட்டதற்கு ஸ்தோத்திரம். அச்சடிக்கிறவர்கள் பின்னால் நாலு வெற்றுத்தாள் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

இன்னொன்று, கொஞ்சம் கனமான விஷயம். ஆபத்துக்கு விலக்கிக் காத்ததற்காக வருகிற வரிகள் நிறைய. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மலையகத்தில் எத்தனை இடத்தில் மண் சரிந்தது என்று நமக்குத் தெரியும். அதற்கப்புறம் ஒரு வீட்டுக் கூட்டத்தில் இந்தப் பக்கத்தை வாசித்துக்கொண்டு வந்த அக்கா ஒருவர் அந்த வரிகளில் நிறுத்தி, தாளைத் திருப்பிவிட்டு அடுத்ததுக்குப் போனார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் செய்தது சரியென்றே நினைக்கிறேன், பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் ஆளை இழந்தவர்கள் உட்கார்ந்திருக்கும்போது எங்களைக் காத்தீரே என்று சத்தமாய்ச் சொல்ல நாக்கு வராது. அப்படிப்பட்ட நாளுக்கு இந்தப் புத்தகம் உதவாது, ஆபகூக் 3:17, 18ஐத் திறங்கள். அத்திமரம் துளிர்க்கவில்லை, வயலில் விளைச்சலில்லை, தொழுவத்தில் மாடில்லை என்று இல்லாததை எல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் அவன் கர்த்தருக்குள் மகிழ்கிறான்.

சரி, புத்தகத்தின் தரம். தாள் மெல்லிசு. நடுவில் இரண்டு பின் அடித்திருக்கிறார்கள், நம்ம ஈரத்துக்கு அது துருப்பிடித்துத் தாளிலேயே மண்ணிறக் கறை இறங்கிவிடுகிறது, மழைக்காலத்தில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எழுத்தும் பொடி, கண்ணாடி போட்டும் அம்மாயியால் வாசிக்க முடியவில்லை. மலைக்குக் கொண்டுபோகிறதென்றால் இடுப்பில் கட்டுகிற படங்குக்குள் அப்படியே செருகாமல் ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக்கொள்ளுங்கள்.

விலை ஒரு பிளேன்டீ, இரண்டு வடை காசுதான். கடையில் பெரிய எழுத்துப் பதிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள், அதைப் பெரும்பாலும் கீழ்த்தட்டில்தான் வைத்திருப்பார்கள், நூல் தைத்தது கிடைத்தால் இன்னும் நல்லது.