எஸ்க்யூஎல் சர்வர் குவெரி ஸ்டோர்: ஆன் செய்யும் நேரத்தில்தான் எல்லாம் இருக்கிறது

எஸ்க்யூஎல் சர்வர் 2012 பதிப்பிலிருந்து 2019-க்கு டேட்டாபேஸை மாற்றிய மறுநாள், நொடியில் வந்துகொண்டிருந்த ரிப்போர்ட் நிமிடக்கணக்கில் இழுக்கும். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். 2014 பதிப்பில் வந்த புதிய கார்டினாலிட்டி எஸ்டிமேட்டர், ஒரு குவெரி தரப்போகும் வரிசைகளின் எண்ணிக்கையை வேறு விதமாகக் கணிக்கிறது. அதனால் குவெரியை ஓட்டும் வழியை முடிவு செய்யும் ஆப்டிமைசர் வேறு பிளானை, அதாவது வேறு வழியைத் தேர்ந்தெடுக்கிறது. எந்தக் குவெரி, எந்த பிளான் என்று கைகாட்ட, குவெரிகளையும் அவற்றின் பிளான்களையும் ஓடிய நேரத்தையும் பதிவு செய்துவைக்கும், 2016 முதல் எஸ்க்யூஎல் சர்வரோடு வரும் குவெரி ஸ்டோரை மிஞ்ச ஆளில்லை. தனிக் கட்டணமும் கிடையாது.

ஆனால் பழைய பிளான் பதிவாகியிருந்தால்தான் ஒப்பிட முடியும். பழைய டேட்டாபேஸைப் புதிய சர்வரில் ரீஸ்டோர் செய்தால் காம்பாட்டிபிலிட்டி லெவல் (எந்தப் பதிப்பைப் போல டேட்டாபேஸ் நடக்க வேண்டும் என்ற அமைப்பு) 2012-க்குரிய 110-லேயே நிற்கும். அதை அப்படியே விட்டு, முதலில் குவெரி ஸ்டோரை ஆன் செய்யுங்கள். மாதக் கடைசிக் கணக்கு முடிப்பு உட்பட ஒரு முழுச் சுற்று ஓடட்டும். பிறகு லெவலை 2019-க்குரிய 150-க்கு ஏற்றுங்கள். இந்த வரிசையை மாற்றிச் செய்தால் கருவியின் பாதிப் பலன் போய்விடும்.

லெவலை ஏற்றியபின் எஸ்க்யூஎல் சர்வரை நிர்வகிக்கும் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில், மெதுவாகிப்போன குவெரிகளைக் காட்டும் 'ரிக்ரெஸ்டு குவெரீஸ்' திறக்கவும். கடைசி ஒரு மணி நேரத்தைக் கடந்த வாரத்தோடு ஒப்பிடுவது அதன் இயல்பு நிலை. லெவல் ஏற்றிய நேரத்துக்கு முன், பின் என்று மாற்றிக்கொள்ளுங்கள். மொத்த நேரத்தை விடச் சராசரி நேரத்தைப் பார்ப்பது நல்லது. அடிக்கடி ஓடும் குவெரி மொத்தத்தில் வீணாக மேலே வந்து நிற்கும். பழைய பிளானைத் தேர்ந்து, அதையே கட்டாயமாக்கும் 'ஃபோர்ஸ் பிளான்' அழுத்தினால் பெரும்பாலும் அன்றைய வலி தீரும்.

இங்கேதான் கவனம் வேண்டும். அந்த பிளான் நம்பியிருந்த இண்டெக்ஸை (வரிசைகளை வேகமாகத் தேட உதவும் அட்டவணை) யாராவது நீக்கினால் ஃபோர்ஸ் சத்தமில்லாமல் தோற்கும். குவெரி வேறு பிளானில் ஓடும், பிழைச்செய்தி வராது. குவெரி ஸ்டோரின் பிளான் விவரங்களைக் காட்டும் கேட்டலாக் வியூவில் (sys.query_store_plan) தோல்வி எண்ணிக்கையையும் காரணத்தையும் வாரம் ஒருமுறை பாருங்கள். ஸ்டோர்டு புரொசீஜரை (டேட்டாபேஸிலேயே சேமித்த குவெரித் தொகுப்பு) டிராப் செய்து மறுபடி கிரியேட் செய்தாலும் ஃபோர்ஸ் போய்விடும். ஆல்டர் செய்தால் போகாது.

பெரிய குறை, கொள்ளளவு. 2016, 2017-இல் இயல்பு அளவு வெறும் 100 எம்பி, எல்லாக் குவெரியையும் பிடிக்கும். மதிப்புகளைக் குவெரிக்குள்ளேயே நேரடியாக ஒட்டி அனுப்பும் அப்ளிகேஷனில் ஒவ்வொன்றும் புதுக் குவெரியாகப் பதிவாவதால் அது சீக்கிரமே நிரம்பிவிடும். நிரம்பினால் ரீட்-ஒன்லிக்கு மாறி, புதிதாக எதுவும் பதிவாகாது. 1000 எம்பியும், முக்கியமில்லாத குவெரிகளை விட்டுவிடும் 'ஆட்டோ' கேப்ச்சரும் வையுங்கள். 2019-இல் இவையே இயல்பு.

தானாகவே நல்ல பிளானுக்குத் திரும்பும் வசதி 2017-இல் வந்தது, ஆனால் எண்டர்பிரைஸ் பதிப்புக்கு மட்டும். ஸ்டாண்டர்டு வைத்திருப்பவர்களுக்கு இது நியாயமில்லை.

சர்வர் அமைப்பு மாறியிருந்தால் இந்தக் கருவி அதைச் சொல்லாது. புதிய சர்வரில் மேக்ஸ் மெமரி வரம்பில்லாமல், பேரலலிசம் காஸ்ட் த்ரெஷோல்டு (ஒரு குவெரியைப் பல பிராசசர்களில் பிரித்து ஓட்டத் தொடங்கும் அளவு) இயல்பான 5-இலேயே கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் பிளானை ஃபோர்ஸ் செய்ய இறங்க வேண்டாம்.