கிளைசின் என்ற பெயரில் போன என் 4,800 ரூபாய்

போட்டோ டெவலப்பரில் (படத்தைத் தாளில் வரவழைக்கும் கரைசல்) சேர்க்கும் கிளைசின் என்று நான் வாங்கிய பொடி அது இல்லை என்பது நேற்று இரவு பதினொரு மணிக்குத்தான் உறுதியானது. கையில் ஹைப்போ (பிரிண்டை நிலைநிறுத்தும் கரைசல்) நாற்றம் போகவில்லை, கோபமும் போகவில்லை. வீட்டில் இருட்டறை வைத்துக் கறுப்பு வெள்ளை பிரிண்ட் போடுகிறவர்கள் கிளைசினுக்காகக் கடைக்குப் பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்.

பாட்டியின் படம் ஒன்றை ஃபைபர் பேப்பரில் (பிளாஸ்டிக் பூச்சில்லாத போட்டோ தாள்) போட வேண்டியிருந்தது. என் வழக்கமான மெட்டால்-ஹைட்ரோகுவினோன் டெவலப்பரில் கறுப்பு திடமாக விழும். ஆனால் தொனி விறைத்துப்போய் பாஸ்போர்ட் படம் போலிருக்கும். வெள்ளைச் சேலையில் ஒரு மடிப்புகூடத் தெரியாது. அதனால்தான் கிளைசின் சேரும் அன்ஸ்கோ 130 என்ற பழைய டெவலப்பரைக் கலக்க நினைத்தேன். சல்பைட், கார்பனேட்டோடு லிட்டருக்கு மெட்டால் 2.2 கிராம், ஹைட்ரோகுவினோன் 11, பொட்டாசியம் புரோமைடு 5.5, கடைசியில் கிளைசின் 11. புரோமைடைக் கூட்டி, கரைசலை நீர்க்கவிட்டால் வெள்ளித் துகள் பொடியாக விழுந்து கறுப்பு பழுப்பை நோக்கிச் சாயும். (வெள்ளி குளோரைடும் புரோமைடும் கலந்து பூசிய குளோரோபுரோமைடு பேப்பராக இருந்தால்தான் இது கண்ணுக்குத் தெரியும், சாதா பேப்பர் எதற்கும் அசையாது.) வெளுத்த இடங்களில் நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டுவது கிளைசின்.

ரசாயனம் விற்கும் ஓர் இணையக் கடையில் கிடைத்தது. 100 கிராம், 4,800 ரூபாய். தயங்கித்தான் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்தவர், “130 கலக்கத்தானே சார்? எந்த பேப்பர் போடுகிறீர்கள்?” என்றார். அந்த ஒரு கேள்வியில் விழுந்துவிட்டேன். இந்தக் காலத்தில் 130 என்று சொல்ல ஓர் ஆள் இருக்கிறாரே என்ற பூரிப்பு! பேசி முடித்த கையோடு 4,800 ரூபாயும் அனுப்பிவிட்டேன்.

வந்த பொடி சர்க்கரை போல வெள்ளை வெளேரென்று இருந்தது. கிளைசின் பழசானால் பழுப்பேறும் என்று தெரியும், எனவே புதுச்சரக்கு என்று மகிழ்ந்தேன். கார்பனேட் சேர்த்த பிறகு போட்டேன், கரைந்தது. பிரிண்டும் வந்தது. வராமல் என்ன, தாளைக் கருக்கவைக்கும் மெட்டாலும் ஹைட்ரோகுவினோனும் உள்ளே இருக்கின்றனவே! சேலை மட்டும் மடிப்பில்லாமல் அப்படியே மொட்டை வெள்ளை. பேப்பரைத் திட்டினேன், தண்ணீரின் சூட்டைத் திட்டினேன். ஆறு தாள் வீண்.

நேற்று சல்பைட்டும் கார்பனேட்டும் கரைத்து, அந்தப் பொடியை மட்டும் சேர்த்து, வெளிச்சம் காட்டிய ஒரு துண்டு பேப்பரைப் போட்டுவைத்தேன். அரை மணி நேரமாகியும் கருக்கவில்லை. அதே கரைசலில் ஒரு சிட்டிகை மெட்டால் போட்டதும் இரண்டே நிமிடத்தில் கரியாகிவிட்டது. அவர்கள் அனுப்பியது உடற்பயிற்சிக்காரர்கள் பாலில் கலக்கும் அமினோ அமிலக் கிளைசின். டெவலப்பருக்கு வேண்டியது ஹைட்ராக்சிஃபீனைல் கிளைசின். பெயரில் பாதிதான் ஒன்று, வேலையில் ஒட்டுமில்லை உறவுமில்லை.

கடையை அழைத்தேன். “காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றினீர்களா?” என்றார் ஒருவர். “பேப்பர் பழசாக இருக்கும்” என்றார் மற்றொருவர். 130 பற்றிப் பேசியவரைக் கேட்டால் அவர் விடுப்பில். கடைசியில் ஒருவர், “கிளைசின் கேட்டீர்கள், கிளைசின் அனுப்பினோம். சீல் உடைத்ததைத் திரும்ப எடுக்க மாட்டோம்” என்று வைத்துவிட்டார். புகார்ப் பக்கத்தில் குறையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். வெள்ளைப் பொடியைப் படம் எடுத்தால் வெள்ளைப் பொடிதான் தெரியும். 4,800 ரூபாய்!

எப்படி வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமையில்லை. சிஏஎஸ் எண் (ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உள்ள தனி அடையாள எண்) 122-87-2 என்று பில்லில் எழுதி வாங்குங்கள். 56-40-6 என்றிருந்தால் அது அமினோ அமிலம், தொடாதீர்கள். வெறும் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள், சட்டென்று கரைந்தால் அது அமினோ அமிலம். இனிக்கிறதா என்று நாக்கில் மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள். சீலை உடைப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். நான் எடுக்கவில்லை.