14,500 ரூபாவுக்கு வெள்ளை வெளிச்சம் வாங்கினேன், எருமை கண்ணில் படவில்லை

இரவில் திருகோணமலையைச் சுற்றி, கந்தளாய்ப் பக்கமோ நிலாவெளிப் பக்கமோ கார் ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஹெட்லைட் மங்கல், எல்.ஈ.டி. பல்ப் போட்டால் சரியாகிவிடும் என்று யோசித்துக்கொண்டிருந்தால், கடைக்குப் போக முன் இதை வாசித்துவிடுங்கள். நான் விசாரிக்காமல் போனவன். 14,500 ரூபா கொடுத்தேன், நன்றாக இருந்த இரண்டு பல்பையும் பறிகொடுத்தேன், கடைசியில் இறக்கக்கண்டிப் பாலத்துக்குக் கிட்ட ஓர் எருமையைக் கையெட்டும் தூரத்தில்தான் கண்டேன்.

என்னுடையது 2015 ஆம் ஆண்டின் ஆல்டோ 800. உவர்மலையில், கடற்காற்றுப் படும் இடத்தில், கூரை இல்லாமல் நிற்கிற கார். அக்கா கந்தளாயில் இருப்பதால் மாதத்தில் இரண்டு மூன்று தடவை அங்கே போய் இரவில் திரும்புவேன். ஏறத்தாழ 40 கிலோமீற்றர். தம்பலகாமப் பக்க வயல்வெளியில் எதிரே ஒரு லொறி வந்தால் எனக்கு வீதியின் வெள்ளைக் கோடுகூடத் தெரியாமல் போய்விடும். கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போக நேர்ந்தால் யானை வேறு. யானையின் நிறமும் இருட்டின் நிறமும் ஒன்று என்பது அந்த வீதியில் இரவில் ஓடியவர்களுக்குத் தெரியும். ஐம்பது வயது தாண்டிவிட்டதால் கண்ணில்தான் பிழை என்று முதலில் கண் வைத்தியரிடம் போனேன். அவர் பார்த்துவிட்டு, கண்ணாடி இலக்கம் மாறவில்லை, காரின் லைட்டைப் பாருங்கள் என்றார். நானும் பார்க்கப் போனேன்.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. நின்ற பொடியன் நல்ல மரியாதையான பிள்ளை, அதையும் சொல்லத்தான் வேண்டும். காரைக் கடைச் சுவருக்கு நேரே இரண்டு மீற்றர் தூரத்தில் நிறுத்தச் சொன்னான். இடப்பக்கத்தில் புதிய எல்.ஈ.டி., வலப்பக்கத்தில் என் பழைய ஹலோஜன், அதாவது உள்ளே தந்தி சூடேறி எரியும் சாதாரண பல்ப். ஸ்விட்சைப் போட்டதும் இடப்பக்கச் சுவர் அப்போதுதான் சுண்ணாம்பு அடித்தது போலப் பளீரென்றது. வலப்பக்கம் மண்ணெண்ணெய் விளக்கு மாதிரி அழுது வடிந்தது.

"பார்த்தீங்களா அண்ணா? 20,000 லூமன். எதிரில வாற பஸ்காரனே உங்களைக் கண்டு டிம் பண்ணுவான்."

லூமன் என்பது பல்ப் தரும் வெளிச்சத்தின் அளவு. நான் விழுந்தது அந்த இடத்தில்தான். இரண்டு மீற்றரில் இருக்கும் சுவரில் டோர்ச் அடித்தாலும் பளீரென்றுதான் இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை. இரவில் எனக்குத் தெரிய வேண்டியது அறுபது எழுபது மீற்றருக்கு அப்பால் நிற்பது. அதைக் கடைச் சுவர் எப்படிக் காட்டும்?

பூட்டும்போது இன்னொரு வேலையும் நடந்தது. எல்.ஈ.டி. பல்பின் பின்பக்கத்தில் சூடு ஆற்ற ஒரு குட்டி ஃபேன் இருக்கிறது. அது துருத்திக்கொண்டு நிற்பதால் ஹெட்லைட்டின் பின்புற றப்பர் மூடி பூட்டுப்படவில்லை. பொடியன் கத்தியை எடுத்து மூடியின் நடுவை வட்டமாக வெட்டிவிட்டான். "காத்து வந்தாத்தான் நல்லது அண்ணா" என்றான். என் பழைய பல்ப் இரண்டையும் மேசைக்குக் கீழே இருந்த அட்டைப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டான். நானும் கேட்கவில்லை. பில் என்று தந்தது ஒரு துண்டு: "எல்.ஈ.டி. 1 செட்" என்றும் தொகையும் மட்டும். கடைப் பெயரும் இல்லை, பல்பின் பெயரும் இல்லை. ஒரு வருட வாரண்டி என்று வாயால் சொன்னான்.

முதல் கிழமை சந்தோஷமாகத்தான் இருந்தது. பொனட்டுக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீற்றர் பகல் மாதிரி. பஸ்காரர்களும் பொடியன் சொன்னபடியே என்னைக் கண்டு லைட் போட்டார்கள். ஆனால் டிம் பண்ணவில்லை, கோபத்தில் ஃபுல் லைட்டை அடித்து அடித்துக் காட்டினார்கள். நான் டிம்மில்தான் போகிறேன், இவர்களுக்கு என்ன வந்தது என்று நினைத்தேன். கிண்ணியாப் பாலத்தில் எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரர் ஒரு கையால் கண்ணை மறைத்தபடி ஓரம் கட்டி நின்றுவிட்டார். பின்னால் ஒரு பிள்ளையும் இருந்தது. அன்றைக்குத்தான் வயிற்றுக்குள் ஏதோ செய்தது. அடுத்த கிழமை தம்பலகாமச் சந்தியில் பொலிஸார் மறித்தார்கள். சார்ஜன்ட் தண்டம் எழுதவில்லை. காருக்கு முன்னால் என்னையே போய் நிற்கச் சொல்லி, "இப்ப லைட்டைப் பாருங்க" என்றார். பார்க்க முடியவில்லை.

வானொலியும் கெட்டது. ஹெட்லைட்டைப் போட்டால் எஃப்.எம். இரையத் தொடங்கும், அணைத்தால் நிற்கும். மலிவான எல்.ஈ.டி. பல்புகளின் மின்சுற்றில் இந்தக் குறை வழக்கம் என்று பிறகுதான் அறிந்தேன்.

அப்புறம் மார்கழி மழை. வடகீழ்ப் பருவமழை எங்கள் பக்கம் எப்படிக் கொட்டும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் மழைத்தாரையில் பட்டு என் கண்ணுக்கே திரும்பி வந்தது. வெள்ளைச் சீலையைக் காருக்கு முன்னால் பிடித்தது போல. நனைந்த தார் வீதி வெளிச்சத்தை அப்படியே விழுங்கிவிட்டது. குச்சவெளியிலிருந்து திரும்பி வருகிறேன், இரவு எட்டு மணி இருக்கும், மணிக்கு 45 கிலோமீற்றருக்கு மேல் ஓடவில்லை. இறக்கக்கண்டிப் பாலத்தை நெருங்கும்போது முன்னால் பளீரென்ற வெளிச்சம், அதற்கு அப்பால் சுவர் மாதிரி ஒரே கறுப்பு. அந்தக் கறுப்பின் ஒரு பகுதி அசைந்தது. எருமை. பிரேக்கை மிதித்ததில் கார் வழுக்கி ஓர மணலில் இறங்கி நின்றது. எருமை நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சாவகாசமாகக் கடந்து போனது. பக்கத்தில் இருந்த மனைவி பேசவேயில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் பேசவில்லை.

கிட்டத்தில் அதிகம் வெளிச்சம் இருந்தால் கண்மணி சுருங்கிவிடும், தூரத்தில் இருட்டில் நிற்பது இன்னும் தெரியாமல் போகும். ஓட்டுகிறவருக்கு மட்டும் நன்றாகத் தெரிவது போல ஒரு மயக்கம் இருக்கும். அந்த மயக்கத்தில்தான் நான் இரண்டு மாதம் ஓடினேன்.

தை பிறக்கும் நேரத்தில் ஒரு பக்க ஃபேன் நின்றுவிட்டது. ஏற்றிய ஐந்து நிமிடத்தில் பல்ப் சூடாகி மங்கிப் போகும். ஹெட்லைட்டின் உள்ளே நீர்த்துளி முத்து முத்தாக நின்றது. வெட்டிய றப்பர் மூடி வழியாகப் போன உப்புக் காற்றும் மழையும்தான். கடைக்குப் போனேன். வேறொருவர் நின்றார். தண்ணீர் போனால் வாரண்டி இல்லையாம். மூடியை வெட்டியது உங்கள் ஆள்தானே என்றேன். அந்தப் பொடியன் இப்போது இங்கே இல்லை என்றார். பழைய பல்பையாவது தாருங்கள் என்றால் அட்டைப்பெட்டியும் இல்லை. நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் பேசலாம் என்று நண்பர் சொன்னார். முறைப்பாட்டைப் பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒக்டோபர் முதல் கிழமையில் வாங்கியவன் ஜனவரி நடுப்பகுதியில் போய் நிற்கிறேன், கையில் பெயரில்லாத துண்டு. கேட்டால் பில் கொடுக்க வேண்டியது கடைக்காரரின் கடமை. கேட்காதது என் மடத்தனம்.

எல்.ஈ.டி. பல்ப் வந்த பெட்டியை மருமகன் வாங்கிப் பார்த்தான். 20,000 லூமன் என்று கொட்டை எழுத்தில். அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஓர் ஆங்கில வரி: பொது வீதிப் பாவனைக்கு உரியதல்ல. இந்த வரியை நான் கடையில் வாசித்திருந்தால் இந்தப் பதிவே இல்லை.

பிறகு அநுராதபுரச் சந்திப் பக்கம் வாகன வயரிங் வேலை செய்யும் ஒரு வயதான பாஸிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் பல்பைத் தொடவே இல்லை. ஹெட்லைட்டின் முன்கண்ணாடியில் விரலை வைத்துத் தேய்த்து, "இது கண்ணாடியா, தயிர்ச்சட்டியா தம்பி?" என்று கேட்டார். உண்மையில் அது கண்ணாடி அல்ல, பிளாஸ்டிக். வெயிலில் நின்று நின்று மஞ்சள் பூத்திருந்தது. அடுத்து மீற்றரை வைத்தார். என்ஜின் ஓடும்போது பற்றரியில் 13.8 வோல்ட். தன்னிடம் கிடந்த பழைய ஹலோஜன் ஒன்றைப் பூட்டி எரியவிட்டு, பல்ப் சொக்கெட்டில் பார்த்தால் 11.6. இடையில் இருந்த 2 வோல்ட்டுக்கு மேலானதைப் பச்சை பிடித்த ஏர்த் வயரும் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) மெல்லிய பழைய வயரும் தின்றுவிட்டன.

"பல்பில பிழையில்லை. பல்புக்குக் கரண்ட் போய்ச் சேரேல்லை" என்றார்.

ஹலோஜன் பல்ப் வோல்ட்டுக்கு மிகவும் கூச்சப்படும். 10 வீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 வீதம் விழும். என் கணக்குக்குப் பாதி வெளிச்சம் வயரிலேயே போய்விட்டது. அந்தப் பாதியும் மஞ்சள் பிளாஸ்டிக்கைத் தாண்ட வேண்டும்.

எல்.ஈ.டி. பல்பையும் அளந்து காட்டினார். ஒன்று இழுத்தது 1.8 அம்பியர், ஏறத்தாழ 23 வாட். வாட்டுக்கு 100 லூமன் என்று தாராளமாக வைத்தாலும் 2,300 தான் வரும். என் காருக்கு உரிய எச்4 என்ற வகை ஹலோஜன், ஃபுல் லைட்டில் 60 வாட், டிம்மில் 55 வாட். ஃபுல் லைட்டில் 1,650 லூமன் அளவும் டிம்மில் 1,000 அளவும் தரும். 20,000 லூமன் என்றால் கப்பற்றுறைக்குத்தான் வேண்டும்.

சரி, லூமன் கொஞ்சம் கூடத்தானே, அது ஏன் உதவவில்லை? அதையும் அவர் பல்பைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். எச்4 பல்புக்குள் இரண்டு தந்தி. டிம் தந்திக்குக் கீழே குட்டிக் கரண்டி மாதிரி ஒரு தகடு. அந்தத் தகடு கீழ்ப்பக்கம் போகும் வெளிச்சத்தை மறைப்பதால்தான், எதிரே வருபவரின் கண்ணுக்கு ஏறாமல் வெளிச்சம் ஒரு கோட்டுக்குக் கீழேயே நிற்கிறது. ஹெட்லைட்டின் உட்குழிவு முழுவதும் அந்தத் தந்தி எந்த இடத்தில் இருக்கும் என்று கணக்குப் போட்டுச் செய்யப்பட்டது. எல்.ஈ.டி. பல்பில் தந்தி இல்லை, தடித்த தகட்டின் இரண்டு பக்கமும் ஒளிரும் குட்டிக் குட்டி எல்.ஈ.டி. துண்டுகள். ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் தூரத்தில் விழ வேண்டிய வெளிச்சம் மரக்கிளைக்கும் பஸ்காரர் கண்ணுக்கும் போகும். எல்லா எல்.ஈ.டி.யும் குப்பை என்று நான் சொல்லவில்லை. ஜேர்மனியில் 2020 இல் எச்7 என்ற வேறு வகை எல்.ஈ.டி. பல்ப் ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது, ஆனால் சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட கார்களின் ஹெட்லைட்டுகளுக்கு மட்டும். கம்பனியிலேயே எல்.ஈ.டி.யுடன் வரும் கார்களில் முழு ஹெட்லைட்டும் அதற்கென்றே செய்யப்பட்டது. அது வேறு கதை.

இதை வாசித்துவிட்டு 100/90 வாட் ஹலோஜன் போடக் கிளம்பாதீர்கள். அயல்வீட்டு வானில் அதைப் போட்டுச் சொக்கெட் உருகி, வயர் கருகிய மணம் எங்கள் வீடு வரை வந்தது.

பாஸ் செய்தது இவ்வளவுதான்: முன் பிளாஸ்டிக்கைத் தண்ணீர் போட்டு உப்புத்தாளால் தேய்த்துப் பொலிஷ் பண்ணினார், ஏர்த்தைச் சுரண்டிப் புதிதாகப் பூட்டினார், ரிலே (பற்றரியிலிருந்து நேரே கரண்ட் கொடுக்கும் ஸ்விட்ச்) வைத்துத் தடித்த வயர் இழுத்தார், சாதாரண 60/55 வாட் எச்4 இரண்டு போட்டார். பெட்டியிலும் பல்பின் அடியிலும் அனுமதி பெற்ற பல்ப் என்பதற்கு அடையாளமாக வட்டத்துக்குள் ஆங்கில E எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கிறதா என்று காட்டியே போட்டார். பல்பின் கண்ணாடியில் விரல் படவிடவில்லை. எண்ணெய் பட்ட இடம் சூடேறி வெடிக்குமாம். மூடிக்கு வெட்டாத றப்பர் ஒன்றைப் பழைய காரிலிருந்து எடுத்துத் தந்தார். மொத்தம் 9,900 ரூபா. இடப்பக்க ஹெட்லைட்டின் உள்வெள்ளி ஓரிடத்தில் உரிந்துபோனதற்கு மட்டும் மருந்தில்லை என்றார்.

கடைசியாகக் காரைச் சமதரையில் சுவரிலிருந்து 10 மீற்றர் தள்ளி நிறுத்தி, டிம் வெளிச்சத்தின் மேல்கோடு ஹெட்லைட்டின் உயரத்தைவிட 10 சென்ரிமீற்றர் கீழே விழும்படி திருகினார். நாங்கள் இடப்பக்கம் ஓடுகிறவர்கள் என்பதால் கோடு இடப்பக்கத்தில் கொஞ்சம் மேலே ஏறும். அது பிழையல்ல, ஓரத்தில் நடந்து போகிறவரைக் காட்டுவதற்கு. அந்தக் கோட்டை நான் அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல்முறை பார்த்தேன். எல்.ஈ.டி.யில் அப்படி ஒரு கோடே விழவில்லை.

போன கிழமை கந்தளாயிலிருந்து வந்தேன். மஞ்சள் வெளிச்சம்தான். தம்பலகாமம் தாண்டி மாட்டுக் கூட்டம் ஒன்று வீதியில் படுத்திருந்தது. கண்கள் மினுங்குவது தூரத்திலேயே தெரிந்தது, ஆறுதலாக வேகத்தைக் குறைத்து நிறுத்தினேன். எதிரே வந்த பஸ் லைட் அடிக்கவில்லை.

எல்.ஈ.டி. பல்ப் இரண்டும் மேசை லாச்சிக்குள் கிடக்கின்றன. சும்மாதானே கிடக்கிறது, ஓட்டோவுக்குப் போடுகிறேன் என்று மச்சான் இரண்டு தரம் கேட்டுவிட்டார். லாச்சிச் சாவி மனைவியிடம் இருக்கிறது.